பழைய பத்ராவை உடைக்காதீர்கள்!

மழைக்கு முன் கூரை மாற்றும் காலம் இது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சந்துக்குச் சந்து மிஸ்திரிகள் ஏணி சாத்தியிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு காலை இரவுப் பணி முடிந்து திரும்பியபோது, எங்கள் சந்தில் சாம்பல் நிறத் தூள் பறந்துகொண்டிருந்தது. நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மாடி எடுக்கிறார். பழைய சிமெண்டு பத்ராக்களை வேலைக்காரப் பையன் சம்மட்டியால் உடைத்துக் கீழே தள்ள, அண்ணாச்சியின் பேத்தி அந்தத் துண்டால் தரையில் கோடு போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி உடைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"முழுசா இறக்கினா வைக்க இடம் ஏது தம்பி? உடைச்சா சாக்குல அள்ளிரலாம்" என்றார்.

பையனை நிறுத்தச் சொல்லி, விஷயத்தை விளக்கினேன். வாசகர்களுக்கும் அது பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாத இழை

ஆஸ்பெஸ்டாஸ் பத்ராவில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார். நூற்றுக்குச் சுமார் பத்துப் பங்கு இருக்கும். பத்ரா முழுதாக இருக்கும்வரை இழைகள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோயும் இதனால் உண்டாகின்றன. நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் கூட ஆகலாம். புகை பிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்தது. பல நாடுகள் கல்நாரை அறவே தடை செய்துவிட்டன. நம் நாட்டில் வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகிப் பத்ராவாகிறது.

இறக்கும் முறை

விரிசல் இல்லாத கூரையை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம். பிரித்தே ஆக வேண்டுமானால், குழந்தைகளையும் அக்கம்பக்கத்தாரையும் அப்புறப்படுத்தி, மின்சாரத்தை நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, வேலை முடியும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். கொக்கிப் போல்ட்டுகளை ஸ்பானரால் கழற்றி, பத்ராவை முழுதாகவே கைமாற்றி இறக்க வேண்டும். பத்ரா மேல் கால் வைக்கக் கூடாது. பழசு திடீரென உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். பலகை போட்டு, அதன்மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.

மூக்கில் கட்டும் துண்டு பயன்படாது. முகத்தோடு இறுக ஒட்டும் 'பி-100' முகமூடி வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டிவிடுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

இறக்கியதைக் கெட்டியான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றி, எழுதி ஒட்டுங்கள். பங்கார்வாலாவிடம் கொடுத்தால் அது இன்னொரு வீட்டுக் கூரையாகும். குப்பைமேட்டில் போட்டால் அங்கே பொறுக்கும் பிள்ளைகளின் மூச்சில் போகும். அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் தளோஜாவில் உண்டு. அங்கே சேர்க்கும் வழியை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

அண்ணாச்சி மிச்சமிருந்த பத்ராக்களை நனைத்து முழுதாகவே இறக்கினார். சுற்றிய கட்டு இப்போது அவர் வாசற்படியோரம் நிற்கிறது, நடக்க இடைஞ்சல்தான். "இருந்துட்டுப் போவுது தம்பி, புள்ள மூச்சுல போறதுக்கு இது தேவலை" என்கிறார்.