அத்தைக்கு ஒரு லேஸ் சால்வை

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் எங்கள் அத்தைக்கு டயாலிசிஸ் நடைபெறுகிறது. அவரை உள்ளே அனுப்பிவிட்டுக் கூடத்தில் காத்திருப்போர் அவருடைய அண்ணன் மகள்களாகிய நாங்கள் இருவர். இரண்டாம் மணி நேரத்தில் அத்தைக்குக் குளிரத் தொடங்கும். குருதி உடலை விட்டு வெளியேறிக் குழாய்களின் வழியே சுற்றி வருகையில் சற்றே வெப்பத்தை இழக்கிறது; இரத்தசோகையும் இருந்தால் குளிர் கூடுதலாகத் தெரியும். வீட்டுப் போர்வையோ அவருக்குப் பாரமாக இருந்தது. ஆகவே மெல்லிய மெரினோ கம்பளி நூலில் லேஸ் சால்வை பின்னத் தொடங்கினோம். சிறுநீரக நோயாளர் பலருக்குத் தோலரிப்பு உண்டு என்பதால், முதலில் கையகலத் துண்டு ஒன்றைப் பின்னி, ஒரு மாலை முழுவதும் அவர் கழுத்தோரம் வைத்துப் பார்த்தோம். அரிக்கவில்லை.

நாங்கள் தேர்ந்த அலை வடிவம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்குரியது. அங்குப் பின்னப்படும் மிக நுண்ணிய சால்வைகளைத் திருமண மோதிரம் ஒன்றின் ஊடே இழுத்துவிடலாம். எங்கள் சால்வை வளையலுக்குள் நுழைந்தாலே போதும் என்றிருந்தோம்.

லேஸின் கணக்கு எளியது. நூலை ஊசியில் ஒருமுறை கூடுதலாகச் சுற்றினால் துளை விழும், ஒரு கண்ணி கூடும். இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். இவ்வடிவத்தில் 18 கண்ணிகளுக்குள் ஆறு கூடி ஆறு குறைகின்றன. நான்கு வரிசைகளுள் ஒன்றில் மட்டுமே இந்த வேலை. மற்ற மூன்றையும் பேசிக்கொண்டே பின்னலாம்.

இரு தோள்களையும் கைகளையும் மூடும்படி 150 கண்ணிகள் ஏற்றி மூன்று வாரம் பின்னிய பிறகே செவிலியர் ஒருவர் அதைப் பார்த்தார். "ஃபிஸ்டுலா உள்ள கையை மூடாதீர்கள் அம்மா. ஊசி நழுவினால் உடனே எங்கள் கண்ணில் பட வேண்டும்" என்றார். குழாய் விலகினால் சில நிமிடங்களிலேயே மிகுந்த குருதி வெளியேறிவிடும். இயந்திரம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும் என்று நம்ப இயலாது. குளிருக்காக அத்தை இடக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வதும் செவிலியர் அதை விலக்குவதும் நாங்கள் பலமுறை கண்டதே. அதன் காரணத்தை ஏனோ கேட்டதில்லை.

அன்றே முழுவதையும் பிரித்தோம். மறுபடியும் 78 கண்ணிகள் மட்டும் ஏற்றினோம். வலத்தோளிலும் மார்பிலும் படிந்து, இடக்கையைத் திறந்தே விடும் நீண்ட சால்வை. இம்முறை பத்துப் பத்து வரிசைக்கு ஒருமுறை, கண்ணிகள் அனைத்தின் ஊடேயும் வேறு நிறத் தையல் நூலைக் கோத்து வைத்தோம். ஒருநாள் துளை வரிசையின் நடுவே அத்தையின் பெயரை அழைத்தார்கள். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. திரும்பி வந்து எண்ணியபோது 77 கண்ணிகளே இருந்தன. அந்த நூல் வரை பிரித்தால் போதுமாயிற்று.

பின்னி முடித்ததும் அது சுருங்கிய துணிபோல் கிடந்தது. வெதுவெதுப்பான நீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தைமேல் விரித்துக் குண்டூசிகளால் இழுத்துக் குத்தினோம். உலர்ந்தபின் அலைகள் விரிந்தன.

உடல் நடுங்கும்படி குளிர் வந்தாலோ, காய்ச்சல் தொட்டாலோ சால்வையைத் தேடாமல் முதலில் செவிலியரை அழைக்க வேண்டும். அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். அத்தையிடம் இதை இருமுறை சொல்லித்தான் கொடுத்தோம். அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, இடக்கையை வெளியே நீட்டி வைத்து, கால்களும் குளிர்வதாக அறிவித்தார். மிஞ்சிய நூல் காலுறைக்குப் போதுமா என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.