மேல்மாடிக் கணினிக்குக் கீழ்மாடி சர்வர் தெரியாதது ஏன்?

கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய கணக்கர் அலுவலகம். தொழில் பெருகவே மேல்மாடியையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்க வேண்டும், ஆனால் அவர்கள் அலுவலகக் கோப்புகளைத் தொடக்கூடாது. எனவே புதிய ரௌட்டரைப் பொருத்தி, கட்டமைப்பை மூன்று உட்பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். கீழ்த்தளம் ஒன்று, மேல்மாடி ஒன்று, விருந்தினர் வைஃபை ஒன்று. இந்த உட்பிரிவுக்குத்தான் சப்நெட் என்று பெயர்.

மறுநாள் காலை மேல்மாடி ஊழியர் கணினியைத் திறக்கிறார். இணையம் வருகிறது, மின்னஞ்சல் வருகிறது. ஆனால் சம்பளக் கணக்கு இருக்கும் சர்வரை மட்டும் காணவில்லை. ஊழியர் சேமநிதிச் சந்தாவை 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இப்படிப்பட்ட அவசரத்தில்தான் தவறான வைத்தியங்கள் நடக்கின்றன.

உண்மையில் சர்வருக்கு எந்தப் பழுதும் இல்லை. அதன் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல்தான் மேல்மாடியிலிருந்து கீழே எட்டவில்லை.

பெரட்டும் செக்ரோலும்

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். காலைப் பெரட்டில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டால், அங்கு நிற்பவர் "இங்கே" என்பார். அடுத்த டிவிஷனில் நிற்பவருக்கு அந்தக் குரல் கேட்காது. அவரைத் தேட வேண்டுமானால், ஆபீசில் கிராணி வைத்திருக்கும் செக்ரோலைத்தான் பார்க்க வேண்டும்.

கணினிகளும் இந்த இரண்டு வழிகளில்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. ஒன்று, கூவிக் கேட்பது. மற்றொன்று, பதிவேட்டைப் பார்ப்பது. கணினிகள் பேசிக்கொள்வது எண் முகவரியைக் கொண்டுதான். பெயர் மனிதர்களின் வசதிக்காக வைத்தது. 'கணக்கு' என்ற சர்வரின் முகவரி 192.168.1.10 என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

1983இல் ஐ.பி.எம். கணினிகளுக்காக உருவான நெட்பயாஸ் முறை, சிறிய கட்டமைப்புகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 'கணக்கு யார்?' என்று அது எல்லாரிடமும் கூவிக் கேட்கும். இந்தக் கூவலை ரௌட்டர் அடுத்த உட்பிரிவுக்குக் கடத்துவதில்லை. கடத்தினால் பெரிய கட்டமைப்பு முழுவதும் இரைச்சலாகிவிடும். எனவே இது ரௌட்டரின் குறையன்று, அதன் கடமையே ஆகும்.

பட்டியல் என்பது வேறு

பெயருக்கு முகவரி காண்பது ஒரு வேலை. 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால் கணினிகளின் பட்டியல் தெரிகிறதே, அது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதே பாதித் தொல்லைக்குக் காரணம்.

பழைய விண்டோஸ் முறையில், ஒவ்வோர் உட்பிரிவிலும் ஒரு கணினி கங்காணியைப் போல் பட்டியலை வைத்திருக்கும். அதைக் கணினிகளே தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கும். ஒரு கணினி தன் இருப்பை 12 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். மூன்று முறை அறிவிப்பு வராவிட்டால்தான் பெயர் நீக்கப்படும். அதனால் அணைத்துவிட்ட கணினியும் 36 நிமிடங்கள் வரை பட்டியலில் நிற்கக்கூடும். பட்டியலில் பெயர் இருப்பதால் அந்தக் கணினி இயங்குகிறது என்று பொருளல்ல.

பல உட்பிரிவுகளின் பட்டியல்களை ஒன்றுசேர்க்கப் பெரிய கிராணியைப் போல் ஒரு தலைமைக் கணினி தேவை. அது எங்கே இருக்கிறது என்பது கங்காணிகளுக்குத் தெரிய வேண்டும். இதற்கான பதிவேடுதான், 1994இல் விண்டோஸ் என்.டி. 3.5 பதிப்புடன் வந்த வின்ஸ். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சம்பா என்னும் இலவச மென்பொருளும் இந்தப் பணியைச் செய்யும்.

ஆபத்தான வைத்தியம்

"பழைய எஸ்.எம்.பி. 1 வசதியைத் திறந்துவிட்டால் எல்லாம் தெரியும்" என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. இதைக் கேட்கக்கூடாது. 2017 மே 12இல் பரவிய வான்னாகிரை என்னும் நச்சுநிரல் அந்த வழியில் இருந்த ஓட்டையின் மூலமாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் நோயாளிகளின் சந்திப்புகளை ரத்துசெய்ய நேர்ந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. நிறுவாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709இல், பழைய பட்டியல் சேவையும் விடைபெற்றது.

மூன்று உட்பிரிவுகளையும் மறுபடி ஒன்றாக்குவதும் தீர்வாகாது. விருந்தினர் கைப்பேசியும் சம்பளக் கணக்கும் ஒரே கூரையின்கீழ் வந்துவிடும்.

செய்ய வேண்டியவை

முதலில், சர்வருக்கு மாறாத முகவரி கொடுக்க வேண்டும். அடுத்து, அலுவலகத்துக்குள்ளேயே டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேட்டை அமைக்க வேண்டும். இணையம் முழுவதும் இயங்குவது 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இதே முறையில்தான். சில ரௌட்டர்களிலேயே இந்த வசதி உண்டு.

இரண்டு மாடிக் கணினிகளும் இந்த ஒரே பதிவேட்டைக் கேட்கும்படி செய்ய வேண்டும். இரண்டாவதாக ஒரு பொது இணையப் பதிவேட்டின் முகவரியைச் சேர்த்து வைப்பது பலர் செய்யும் தவறு. வெளியில் இருப்பதற்கு 'கணக்கு' என்ற பெயர் தெரியாது. அது "இல்லை" என்று பதில் சொன்னால், கணினி அதையே நம்பிவிடும். ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாத மர்மத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உள்பெயரின் முடிவில் 'லோக்கல்' என்று போடாதிருப்பது நலம். அது வேறொரு கூவல் முறைக்கு ஒதுக்கப்பட்டது. தனியார் கட்டமைப்புகளுக்காகவே 2024இல் 'இன்டர்னல்' என்ற முடிவு ஒதுக்கப்பட்டுள்ளது.

நெட்பயாஸ் மட்டுமே தெரிந்த பழைய இயந்திரங்கள் இருந்தால் மட்டும் வின்ஸ் வைத்துக்கொள்ளலாம். சம்பாவில் அமைத்தால் ஒரே ஒரு வின்ஸ்தான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் ஒன்றின் பதிவு மற்றொன்றுக்குப் போகாது. கணினிப் பெயர் 15 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. மைக்ரோசாப்ட் வின்ஸைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டதால், இதைத் தற்காலிக ஏற்பாடாகவே கருத வேண்டும்.

சோதிக்கும் வரிசை

கோளாறு வந்தால், சர்வரை முதலில் எண் முகவரியால் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் பெயரில்தான் கோளாறு; பதிவேட்டைப் பார்க்கலாம். திறக்காவிட்டால் ரௌட்டரையோ, சர்வரின் தற்காப்புச் சுவரையோ சோதிக்க வேண்டும். அலுவலகக் கணினியின் கோப்புப் பகிர்வை விண்டோஸ் சுவர் பெரும்பாலும் தன் உட்பிரிவுக்கு மட்டுமே அனுமதிக்கும். மேல்மாடியின் முகவரிகளையும் அதில் சேர்க்க வேண்டும். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் வாசலை இரண்டு மாடிகளுக்கிடையே மட்டும் திறந்தால் போதும். இணையத்துக்கோ விருந்தினர் வைஃபைக்கோ அதை ஒருபோதும் திறக்கக்கூடாது.

கடைசியாக, பட்டியலில் தேடிப் பிடிக்கும் பழக்கத்தை ஊழியர்கள் விட்டுவிட வேண்டும். சர்வரின் முழுப் பெயரைக் கொண்டு ஒவ்வொரு கணினியிலும் குறுக்குவழி ஒன்றைச் செய்துகொடுத்தால் போதும். நாளை சர்வர் மாறினாலும் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது. 15ஆம் தேதி நெருங்கும்போது மாடிப்படி ஏறி இறங்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.