பள்ளிக்குள் ஒரு செய்தியாளர்

நுழையும்முன்

நாட்டு நடப்பை நாளிதழ் சொல்கிறது. உலக நடப்பைத் தொலைக்காட்சி சொல்கிறது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் நாள்தோறும் கூடும் ஒரு பள்ளியின் நடப்பை யார் சொல்வார்? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் அப்பணியை மாணவர்களே செய்கின்றனர். அவர்கள் எவ்வாறு செய்தி திரட்டுகின்றனர், எழுதும்போது எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பனவற்றை இரண்டு உண்மை நிகழ்வுகளின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

அன்றாடமும் செய்தியே

காலையில் பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. மணி ஒலித்ததும் தாழ்வாரங்கள் வெறிச்சோடுகின்றன. நண்பகலில் உணவுக்கூடத்தின் முன் வரிசை நீள்கிறது. மாலையில் சிலர் விளையாட்டுத் திடலுக்கும் சிலர் வீட்டுக்கும் செல்கின்றனர். வெளியிலிருந்து காண்பவருக்கு இவற்றில் செய்தி ஏதும் இருப்பதாகத் தோன்றாது. நகர நாளிதழின் செய்தியாளர் பள்ளியின் வாயிலை மிதிப்பது, பெரும்பாலும் தேர்வு முடிவு வெளியாகும் நாளிலோ விபத்து நேர்ந்த நாளிலோதான். ஏனைய நாள்களில் அங்கு நிகழ்வதை உள்ளிருந்து அறிந்தவர்கள் அங்குப் பயில்பவர்களே.

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகள் இதழியலை ஒரு விருப்பப் பாடமாகக் கற்பிக்கின்றன. அவ்வகுப்பு மாணவர்கள் பள்ளி இதழை நடத்துகின்றனர். செய்தி திரட்டுதல், படமெடுத்தல், பக்கம் அமைத்தல், மெய்ப்புத் திருத்தல் ஆகிய பணிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். புதிய கால அட்டவணை, நூலகத்தின் நேரம், விளையாட்டுப் போட்டி, ஓய்வு பெறும் காவலாளி என்று அவர்கள் எழுதும் செய்திகள் பெரும்பாலும் சிறியனவே. ஆயினும் அவற்றை எழுதும் முறை பெரிய நாளிதழ்களின் முறையிலிருந்து வேறுபடுவதில்லை.

முணுமுணுப்பிலிருந்து செய்திக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். “உணவுக்கூடத்தில் வரிசை மிக நீளம், சாப்பிடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது” என்று மாணவர்கள் குறைபட்டுக்கொள்கின்றனர். இதை அப்படியே எழுதினால் அது முணுமுணுப்பு, செய்தியன்று.

மாணவச் செய்தியாளர் ஒருவர் கையில் கடிகாரத்துடன் மூன்று நாள்கள் அவ்வரிசையில் நிற்கிறார் என்று கொள்வோம். கடைசி மாணவருக்கு உணவு கிடைக்க எத்தனை மணித்துளிகள் ஆகின்றன என்று குறித்துக்கொள்கிறார். இடைவேளையின் அளவையும் குறிக்கிறார். பிறகு யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களோடு பலரை அணுகுகிறார். மாணவர்கள் சமையற்கூடத்தைக் குறை கூறுகின்றனர். உணவு பரிமாறும் பெண்ணோ, “முன்பு இரண்டு பிரிவாக வந்தார்கள். இப்போது எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள்” என்கிறார். அலுவலகத்தில் கேட்டபோது, புதிய கால அட்டவணையில் இடைவேளைகள் இணைக்கப்பட்டது தெரியவருகிறது.

சமையற்கூடத்தின் மீது சுமத்தப்பட்டிருந்த பழி இப்போது நீங்கிவிட்டது. பரிமாறும் பெண்ணிடம் கேளாமலே எழுதியிருந்தால், தவறு செய்யாத ஒருவர் பள்ளி முழுவதன் முன்னும் தலைகுனிந்திருப்பார். குறை கூறப்படுபவரின் விளக்கத்தைக் கேட்டு அதையும் வெளியிட வேண்டும் என்று இதழியல் வலியுறுத்துவது இதனால்தான்.

நீக்கப்பட்ட இரண்டு பக்கங்கள்

எல்லா அன்றாடச் செய்திகளும் உணவு வரிசையைப் போல எளியன அல்ல. மாணவர்கள் தம் வீட்டுத் துயரங்களையும் சுமந்துகொண்டே பள்ளிக்கு வருகின்றனர். அவற்றைப் பற்றிப் பள்ளி இதழ் எழுதலாமா? இவ்வினா ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்துள்ள ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் இதழை ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெளியிட்டு வந்தனர். 1983ஆம் ஆண்டு மே மாத இதழுக்காக இரண்டு கட்டுரைகள் எழுதப்பட்டன. ஒன்று, இளவயதிலேயே தாய்மையடைய நேர்ந்த மூன்று மாணவியரின் அனுபவத்தைக் கூறியது. மற்றொன்று, பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் கூறியது.

மெய்ப்பைப் படித்த பள்ளி முதல்வர் அவை இடம்பெற்ற இரண்டு பக்கங்களையும் நீக்கச் செய்தார். ஆறு பக்க இதழ் நான்கு பக்கங்களோடு வந்தது. முதல்வர் தம் முடிவுக்குக் காரணங்களைக் கூறினார். அம்மாணவியரின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் பள்ளியில் உள்ளவர்கள் அவர்களை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். மணமுறிவுக் கட்டுரையில் ஒரு மாணவி தந்தையைக் குறை கூறியிருந்தும் பெற்றோருக்கு மறுமொழி கூற வாய்ப்புத் தரப்படவில்லை. கட்டுரைகளைத் திருத்த நேரமும் இல்லை என்பன அவற்றுள் சில. முன்னறிவிப்பின்றித் தம் உழைப்பு நீக்கப்பட்டதாகக் கருதிய மாணவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர்.

1988 சனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் ஐவர் பள்ளியின் பக்கமும் மூவர் மாணவியரின் பக்கமும் நின்றனர். பாடத்தின் ஒரு பகுதியாகப் பள்ளியே நடத்தும் இதழில், கல்வி நோக்கோடு பொருந்திய தக்க காரணம் இருப்பின், உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் உரிமை பள்ளிக்கு உண்டு என்பது பெரும்பான்மையோரின் கருத்து. பக்கங்களை முற்றாக நீக்குவதைவிட மென்மையான வழிகள் இருந்தன என்பது மறுத்த நீதிபதிகளின் கருத்து.

இந்நிகழ்வில் இரு தரப்பின் கவலையும் எண்ணத்தக்கது. தம் வாழ்வின் உண்மையான சிக்கல்களைப் பேச மாணவர்கள் விரும்பினர். அப்பேச்சால் பிறர் புண்படக்கூடாது என்று முதல்வர் அஞ்சினார். இன்றும் ஒரு மாணவச் செய்தியாளர் பிறரது வீட்டுச் செய்தியை எழுத எண்ணும்போது இவ்விரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டியுள்ளது.

ஓர் அறிமுகக் கட்டுரை

அத்தீர்ப்புக்குப் பின் சில மாநிலங்கள் மாணவ இதழ்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றின. அவற்றுள் ஒன்று கன்சாஸ். 1992இல் இயற்றப்பட்ட அம்மாநிலச் சட்டத்தின்படி, அரசியல் அல்லது கருத்து வேறுபாட்டுக்குரிய பொருள் என்னும் காரணத்துக்காக மட்டும் மாணவர்களின் எழுத்தைத் தடுக்க இயலாது. ஆனால் அவதூறு போன்றவற்றுக்கு அச்சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை.

கன்சாஸின் தென்கிழக்கே, நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த பிட்ஸ்பர்க் என்னும் சிறு நகரம் உள்ளது. அந்நகர உயர்நிலைப் பள்ளியின் மாணவ இதழ் ‘பூஸ்டர் ரீடக்ஸ்’. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்பள்ளிக்குப் புதிய முதல்வர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை வரவேற்கும் வகையில் அறிமுகக் கட்டுரை ஒன்றை எழுத மாணவர்கள் முனைந்தனர். அது எந்தப் பள்ளி இதழிலும் வழக்கமாக வருவது.

புதிய முதல்வர் பயின்ற கல்வி நிறுவனங்களின் பெயர்களை எழுதும்முன் சரிபார்ப்பது செய்தியாளரின் வழக்கம். அவ்வாறு சரிபார்த்தபோது, அவர் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றதாகக் கூறிய பல்கலைக்கழகத்தைப் பற்றிய தெளிவான தகவல்கள் கிடைக்கவில்லை. மாணவர்கள் வியப்படைந்தனர், ஆயினும் அவசரப்படவில்லை. கூட்டாட்சி அரசின் கல்வித் துறையிடம் கேட்டனர். அத்தகைய நிறுவனம் இயங்கியதற்கான சான்று தமக்குக் கிட்டவில்லை என்று துறையினர் கூறினர். பிறகு மாணவர்கள் தொலைபேசி வழியே புதிய முதல்வரிடமே வினவினர். அவர் தந்த விடைகளில் முரண்பாடுகள் இருந்ததாக அவர்கள் தம் கட்டுரையில் குறித்தனர். தம் பட்டங்கள் முறையானவை என்பதே புதிய முதல்வரின் நிலைப்பாடு.

இதழின் வழிகாட்டி ஆசிரியர், புதிய முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம்பெற்றிருந்தார். தாம் பங்கேற்ற ஒரு தேர்வைப் பற்றிய கட்டுரைக்குத் தாமே வழிகாட்டுவது முறையன்று எனக் கருதி அவர் ஒதுங்கிக்கொண்டார். மாநிலப் பள்ளி இதழியல் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் மாணவர்களுக்கு உதவினார்.

மார்ச் 31 அன்று கட்டுரை வெளிவந்தது. ஏப்ரல் 4 அன்று புதிய முதல்வர் பதவியிலிருந்து விலகினார். நாட்டின் பெரிய நாளிதழ்கள் பல இதனைச் செய்தியாக்கின. பெரியவர்கள் பலர் கூடித் தேர்ந்தெடுத்தபோது எழாத ஒரு வினாவை மாணவர்கள் எழுப்பியிருந்தனர். யாரையும் வீழ்த்த வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. ஒரு பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்றே தொடங்கினர்.

மாணவச் செய்தியாளரின் கடமைகள்

பெரும்பாலான பள்ளி இதழ்களில் இத்தகைய செய்தி ஒருபோதும் வருவதில்லை. வர வேண்டும் என்பதும் இல்லை. உணவு வரிசையைப் பற்றி எழுதினாலும் முதல்வரைப் பற்றி எழுதினாலும் செய்தியாளர் கைக்கொள்ள வேண்டியவை இவையே: கேட்டதைச் சரிபார்த்தல், குறை கூறப்படுபவரின் மறுமொழியைப் பெறுதல், பிறரது தனிவாழ்வை அவர் இசைவின்றி வெளிப்படுத்தாதிருத்தல், தமக்குத் தொடர்புள்ள பொருளிலிருந்து ஒதுங்கி நிற்றல், பிழை நேர்ந்தால் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுதல்.

பிழைத்திருத்தம் மிகவும் இன்றியமையாதது. பெரிய நாளிதழில் பெயர் பிழையாக வந்தவர், அதை எழுதியவரை ஒருநாளும் சந்திக்காமல் இருக்கலாம். பள்ளி இதழில் எழுதியவரோ மறுநாள் காலையில் அவருக்கு அடுத்த இருக்கையிலேயே அமர வேண்டும்.

சொற்பொருள்

மெய்ப்பு – அச்சிடும்முன் பிழை பார்ப்பதற்கான படி
மறுமொழி – பதில்
அவதூறு – ஒருவர் மீது சுமத்தும் பொய்ப்பழி
இசைவு – சம்மதம்

சிறுவினாக்கள்

1. முணுமுணுப்புக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டை உணவுக்கூட எடுத்துக்காட்டின் வழியே விளக்குக.
2. ‘ஸ்பெக்ட்ரம்’ இதழின் பக்கங்களை நீக்கியதற்கு முதல்வர் கூறிய காரணங்கள் யாவை?
3. பிட்ஸ்பர்க் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் ஏன் ஒதுங்கிக்கொண்டார்?

சிந்தனை வினா

ஹேசல்வுட் பள்ளியின் முதல்வராக நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மாணவியருள் ஒருவராக இருந்திருந்தால் அக்கட்டுரைகளை எவ்வாறு திருத்தியிருப்பீர்கள்?

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியில் நாள்தோறும் பணிபுரியும் ஒருவரை, அவர் இசைவு பெற்று நேர்காணல் செய்க. ஆறு வினாக்களுக்கும் விடை அமையுமாறு பத்து வரிகளில் தமிழில் எழுதுக. எழுதியதை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி, பிழை இருப்பின் திருத்திய பின் வகுப்பறைச் சுவரிதழில் ஒட்டுக.