லினக்ஸ் கணிப்பொறியும் பூட்டிய படப்பெட்டியும்

லினக்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் கணிப்பொறி ஆய்வகத்தில் கேட்டிருப்போம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் எழுதத் தொடங்கிய இயங்குதளக் கரு அது. இன்று இணையத்தைத் தாங்கி நிற்கும் பெருங்கணிப்பொறிகளில் மிகப் பல அதன்மேல்தான் இயங்குகின்றன. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் அதே கருதான். நம் மாநில அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளிலும், விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இடம் பெற்றிருந்தது. இவ்வளவு பெருமை வாய்ந்த லினக்ஸை ஏற்றிய கணிப்பொறியில், மாதக் கட்டணம் செலுத்தி ஒரு திரைப்படம் பார்க்க அமர்ந்தால் மட்டும் ஏன் தடங்கல் ஏற்படுகிறது? அதனை விளக்குவதே என் நோக்கம்.

விடுதியில் என் அறை நண்பன் வைத்திருப்பது விண்டோஸ். நான் வைத்திருப்பது உபுண்டு என்னும் லினக்ஸ். இருவரும் ஒரே சேவைக்கு ஒரே கட்டணம் செலுத்துகிறோம். அவன் திரையில் நடிகரின் நெற்றி வியர்வை தெரிகிறது. என் திரையிலோ நடிகர் யார் என்று தெரிந்தால் போதும் என்ற நிலை! அதே கணிப்பொறியில் யூட்யூப் காணொலி பளிங்குபோல் ஓடுகிறது. ஆகவே குற்றம் என் திரையிலும் இல்லை. விடுதியின் வைஃபையிலும் இல்லை. (வைஃபையின் மீது வேறு குற்றச்சாட்டுகள் உண்டு. அவற்றை எழுத இம்மலரின் பக்கங்கள் போதா.)

காரணம் பூட்டில் இருக்கிறது. டி.ஆர்.எம். என்று அந்தப் பூட்டைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு அதை விளக்கலாம். பல்கலைக்கழகத் தேர்வு வினாத்தாள் முத்திரையிட்ட உறையில் வருகிறது. உரிய நேரத்தில், உரியவர் முன்னிலையில் மட்டுமே அது பிரிக்கப்படும். ஓ.டி.டி. நிறுவனம் அனுப்பும் படமும் அவ்வாறே மறைமொழியில் பூட்டப்பட்டு வருகிறது. நம் உலாவிக்குள் அமர்ந்திருக்கும் ஒரு சிறு மென்பொருள், 'இவர் சந்தா கட்டியவர்தான்' என்று நிறுவனத்தின் வழங்கியிடம் காட்டிச் சாவியைப் பெற்று, உறையைப் பிரித்துப் படத்தைத் திரைக்கு அனுப்புகிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்தப் பணியைச் செய்வது 'வைடுவைன்' என்ற மென்பொருள். 2010ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கியது.

உறையை எந்த இடத்தில் வைத்துப் பிரிப்பது என்பதுதான் இங்கு முக்கியமான கேள்வி. வைடுவைனில் எல்1, எல்2, எல்3 என மூன்று படிகள் உண்டு. எல்1 என்பது தனியறை. கணிப்பொறிச் சில்லின் உள்ளேயே, இயங்குதளமும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு பகுதியில் உறை பிரிக்கப்படுகிறது. படமும் அங்கேயே உருப்பெறுகிறது. எல்2 இடைப்பட்டது. எல்3 என்பதோ தாழ்வாரம். எல்லாம் வெறும் மென்பொருளாலேயே நடக்கிறது. மேசைக் கணிப்பொறி லினக்ஸுக்குக் கிடைப்பது இந்த எல்3தான். தாழ்வாரத்தில் பிரிக்கும் உறைக்குள் மிகத் தெளிவான பிரதியை வைக்கப் படத்தின் உரிமையாளர்கள் ஒப்புவதில்லை. விலை குறைந்த சில கைப்பேசிகளிலும் படம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

லினக்ஸுக்கு மட்டும் ஏன் தனியறை இல்லை? பயன்படுத்துவோர் குறைவு, உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று வகைகள் மிகுதி என்று காரணம் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஆழமான காரணம் வேறு. லினக்ஸில் இயங்குதளத்தின் கருவையே உரிமையாளர் திருத்தி எழுதலாம். நினைவகத்தில் எது இருக்கிறது என்று பார்க்கலாம். திரைக்குச் செல்லும் படத்தை இடைமறிக்கலாம். நம் பேராசிரியர்கள் லினக்ஸைக் கற்கச் சொல்வது இந்தச் சுதந்திரத்தை முன்னிட்டுத்தான். பூட்டுப் போடுபவர் அஞ்சுவதும் இதனையே!

இந்தப் பிணக்கு இன்று நேற்று தோன்றியதன்று. 1999ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த ஜான் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுச் சிறுவர், டி.வி.டி. தட்டுகளின் பூட்டைத் திறக்கும் 'டி.சி.எஸ்.எஸ்.' என்ற நிரலை வேறு சிலருடன் சேர்ந்து உருவாக்கி வெளியிட்டார். விலை கொடுத்து வாங்கிய தட்டை லினக்ஸில் பார்க்க வழியில்லை என்பதே அவர் தரப்பு வாதம். வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

தட்டுகளின் காலம் போய் இணையவழிப் படங்களின் காலம் வந்தபோதும் கதை மாறவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையவழிப் படங்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டின் 'சில்வர்லைட்' என்ற செருகுநிரலுக்கு மாறியது. லினக்ஸுக்கு 'மூன்லைட்' என்ற மாற்றை நோவெல் நிறுவனத்தார் உருவாக்கினர். ஆனால் பூட்டைத் திறக்கும் பகுதி அதில் இல்லை. விருந்துக்கு அழைத்துவிட்டு இலை போடாத கதைதான்! 2013இல் ஆர்வலர் சிலர், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' மென்பொருளின் துணையோடு சில்வர்லைட்டையே லினக்ஸ் உலாவிக்குள் இயக்கிக் காட்டினர். 2014 அக்டோபரில்தான் குரோம் உலாவி வழியாக லினக்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் முறையாகத் திறந்தது.

அதற்கு வழி செய்தது 'ஈ.எம்.ஈ.' என்னும் இணைய நெறிமுறை. பூட்டு மென்பொருளுடன் உலாவி எவ்வாறு பேச வேண்டும் என்பதை அது வகுக்கிறது. திறந்த இணையத்தில் மூடிய பூட்டுக்கு இடம் தரலாமா என்று பெரும் விவாதம் எழுந்தது. 2017 செப்டம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. எதிர்த்துப் போராடிய ஈ.எஃப்.எஃப். என்ற அமைப்பு அன்றே கூட்டமைப்பிலிருந்து விலகியது. அவர்களின் வாதம் கொள்கையளவில் சரி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்நெறிமுறை இல்லாவிடில் எல்3 அளவுக்குக்கூட லினக்ஸுக்குப் படம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. கிடைத்த பின்பும் நிம்மதி இல்லை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, லினக்ஸ் உலாவிகளில் '83' என்ற பிழை எண் மட்டுமே தோன்றியது. பூட்டின் சோதனையைச் சற்றே தளர்த்திய பின்னர்தான் படம் வந்தது.

இனி இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள். சாம்சங் தொலைக்காட்சியில் உள்ள டைசன், எல்.ஜி. தொலைக்காட்சியில் உள்ள வெப்ஓ.எஸ்., ஆண்ட்ராய்டு டிவி ஆகிய மூன்றும் லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டவையே. அவற்றில் இதே சேவைகள் 4கே தெளிவில் ஓடுகின்றன! ஆகவே 'லினக்ஸுக்கு ஆதரவில்லை' என்று கூறுவது முழு உண்மையன்று. தொழிற்சாலையில் பூட்டிய லினக்ஸுக்கு முழு ஆதரவு உண்டு. உரிமையாளர் கையில் திறந்திருக்கும் லினக்ஸுக்கே தடை.

இதற்கு முன்னோடி டிவோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி. 1999இல் விற்பனைக்கு வந்த அப்பெட்டிக்குள் இருந்தது லினக்ஸ்தான். உரிமத்தின்படி மூலநிரலையும் அந்நிறுவனம் வெளியிட்டது. ஆனால் யாரேனும் நிரலைத் திருத்தி ஏற்றினால், நிறுவனத்தின் மின் கையொப்பம் இல்லை என்று பெட்டி இயங்க மறுத்துவிடும். நிரல் நம்முடையது, பெட்டியும் நாம் வாங்கியது. இரண்டையும் சேர்க்கும் உரிமை மட்டும் நமக்கில்லை. இதைத் தடுக்கவே 2007 ஜூனில் வெளிவந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில் தனி விதி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கருவுக்கு அப்பதிப்பை டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. கரு இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அது வசதியாயிற்று.

தம் படம் களவு போகக்கூடாது என்று தயாரிப்பாளர் எண்ணுவது நியாயமே. ஆனால் களவுப் பிரதிகள் இத்தனை பூட்டுகளையும் தாண்டி வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவருக்கு எந்த இயங்குதளத்திலும் தடையில்லை. முறையாகப் பணம் கட்டியவருக்குத்தான் மங்கல் படம். கட்டணம் வாங்கும் முன்பே, 'இந்த இயங்குதளத்தில் இவ்வளவு தெளிவுதான் கிடைக்கும்' என்று கண்ணில் படும்படி எழுதி வைத்தால் பாதிக் குறை தீரும்.

லினக்ஸில் படம் அறவே ஓடவில்லை என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகள் பக்கத்தில் டி.ஆர்.எம். பற்றிய ஒரு சிறு கட்டம் இருக்கும். அது குறியிடப்படாமல் இருந்தால் குறியிட்டு, வைடுவைன் இறங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். பெரும்பாலான தளங்கள் திறந்துவிடும். தெளிவு மட்டும் தாழ்வாரத்துத் தெளிவுதான்.