பழைய பிக்கப் வண்டிகளும் அவற்றின் சுமைப்பெட்டிகளும்

பண்ணை வேலைக்கு வாகனமொன்றைத் தெரிவுசெய்யும்போது எந்திரத்தின் வலுவை ஆராய்வோர் பலர். சுமைப்பெட்டியின் அமைப்பை ஆராய்வோர் சிலரே. ஆயினும், நாள்தோறும் ஏற்றியிறக்கும் உழைப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பெட்டியேயாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பழைய பிக்கப் வண்டிகள் இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றன.

தோற்றம்

அந்நாட்டுக் கமக்காரர் முதலில் தம் கார்களின் பின்புறத்தில் மரப்பெட்டிகளைப் பொருத்தி விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுசென்றனர். 1925ஆம் ஆண்டில் போர்ட் கம்பனி தன் ‘மொடல் ரீ’ வண்டியை உருக்குப் பெட்டியுடன் 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அப்பெட்டி 56 அங்குல நீளமும் 13 அங்குல ஆழமும் உடையது. கம்பு நாட்டுவதற்கான துளைகளும் அதில் இருந்தன. கம்புகளை நாட்டிப் பலகை பொருத்தினால் பக்கங்கள் உயர்ந்து கூடிய சுமையைக் கொள்ளும்.

ஒடுங்கிய பெட்டி

இவ்வமைப்பில் பெட்டி பின்சில்லுகளுக்கு இடையிலும், மட்காட்கள் அதற்கு வெளியிலும் இருக்கும். செவ்ரொலே வண்டியில் இது ‘ஸ்ரெப்சைட்’ எனவும், போர்ட் வண்டியில் ‘பிளெயர்சைட்’ எனவும் பெயர் பெற்றது. உட்புறம் நேராயிருப்பதால் சாக்குகளை இடைவெளியின்றி அடுக்கலாம். சில்லுக்கு முன்னுள்ள மிதிபடியில் நின்று பக்கவாட்டிலிருந்தே சுமையை எடுக்கலாம். நசுங்கிய மட்காட்டைத் தனியே கழற்றி மாற்றலாம். பலவற்றின் தளம் பலகையாலானது. பலகைகளுக்கிடையே உருக்குப் பட்டிகள் உண்டு. சுமை பட்டிகளின்மேல் இலகுவாக வழுக்கிச் செல்லும். உக்கிய பலகையை மட்டும் புதுப்பித்தல் போதும். அகலக் குறைவே இதன் குறை.

அகன்ற பெட்டி

போர்ட் 1957இல் ‘ஸ்ரைல்சைட்’ பெட்டியையும், செவ்ரொலே 1958இல் ‘பிளீட்சைட்’ பெட்டியையும் பரவலாக்கின. பெட்டியின் பக்கங்கள் சில்லுகளுக்கு வெளியே சென்றமையால் உலர்புல், வைக்கோல் போன்ற பாரங்குறைந்த பெருஞ்சுமைகளுக்கு இடம் கூடியது. எனினும், சில்லுகளை மூடும் புடைப்புகள் உள்ளே இடத்தைப் பிடித்தன. மிதிபடியும் இல்லாது போயிற்று.

ஒன்றிணைந்த உடல்

1961ஆம் ஆண்டு மாதிரியில் போர்ட் கம்பனி சாரதி அறையையும் பெட்டியையும் ஒரே உடலாக இணைத்தது. மேடுபள்ளத்தில் பாரத்துடன் செல்லும் வண்டியின் அடிச்சட்டம் சிறிது முறுகும். பெட்டி தனித்திருப்பின், இடையிலுள்ள வெளி அம்முறுக்கத்துக்கு இடங்கொடுக்கும். இணைந்திருப்பின், அது சாரதி அறையையும் தாக்கும். 1963ஆம் ஆண்டு மாதிரிக்குப் பின் இவ்வமைப்பு கைவிடப்பட்டது.

தெரிவும் பராமரிப்பும்

சாக்கும் பெட்டியும் ஏற்றுவோருக்கு ஒடுங்கியதும், உலர்புல் ஏற்றுவோருக்கு அகன்றதும் ஏற்றவை. பழைய வண்டியை வாங்குமுன் பலகை ஓரங்களையும், சில்லுப் புடைப்பின் அடியில் சேறு தங்குமிடங்களையும் குத்திப் பார்த்தல் வேண்டும். கறள் முதலிற் பற்றுவது அங்கேயே. எருவோ செயற்கை உரமோ ஏற்றிய பெட்டியை அன்றே கழுவி உலரவிடுதல் நன்று. பெட்டி பழுதுபட்டால், நல்ல எந்திரமும் பண்ணைக்குப் பயன்படாது.