தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் மீட்பும் இறையைக்கியமும்

திறவுச்சொற்கள்: மீட்பு, இரட்சிப்பு, ஐக்கியம், குறவஞ்சி, பக்தியியம், தரங்கம்பாடி, தஞ்சாவூர்

முன்னுரை

மனிதன் தன் முயற்சியால் ஈட்ட இயலாத விடுதலையை இறைவன் கிறிஸ்துவின் வழியே கொடையாக அளிக்கிறார் என்பது கிறித்தவ சமயத்தின் மையக் கோட்பாடு. அக்கொடையைப் பெற்றவர் இறைவனோடு நேருக்கு நேரான உறவில் வாழ்கிறார் என்பது அதன் மறுபாதி. முதற்பாதியை மீட்பு என்றும் இரட்சிப்பு என்றும், மறுபாதியை ஐக்கியம் என்றும் தமிழ்க் கிறித்தவர் வழங்குவர். இக்கோட்பாடு காவிரிப் படுகையில் எச்சொற்களால் வேரூன்றியது, எவ்விலக்கிய வடிவில் மலர்ந்தது, எவ்விடத்தில் இடறியது என்பவற்றைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களின் வழி

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, செருமனியின் ஆலே நகரப் பக்தியிய மரபில் பயின்றவர். திருமுழுக்குப் பெற்றிருப்பதும் ஆலயம் செல்வதும் மட்டும் போதா. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் மனந்திரும்புதலை நுகர்ந்தறிதல் வேண்டும் என்பது அம்மரபின் அழுத்தம். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரின் சமயமொழியை உருவாக்கிற்று. தனிமனிதன் தானே மறைநூலைப் படித்து இறைவனோடு உறவாடுதல் என்னும் கருத்து இந்நூல்களின் வழியே நெல்வயற் சிற்றூர்களை எட்டியது.

இரட்சிப்பு என்னும் வடசொல் காத்தல் என்னும் பொருளது. தீங்கிலிருந்து ஒருவரைப் பாதுகாப்பவர் இரட்சகர். மீட்பு என்பதன் பொருட்களமோ வேறு. படுகை நாட்டில் நிலத்தை ஒற்றிக்கு விடுதலும், பணங்கொடுத்து அதனைத் திருப்புதலும் அன்றாட வழக்கு. ஒற்றிவைத்த நிலம் உடையவனுக்கே உரியது. ஆயினும் அதன் விளைச்சல் வேறொருவன் களத்தைச் சேரும். விலை செலுத்தப்பட்டபின் அது புதிதாக வாங்கப்படுவதில்லை, உரியவனிடம் மீள்கிறது. மனிதன் தொடக்கத்திலேயே இறைவனுக்கு உரியவன், பாவத்தின் கையில் ஒற்றியாயிருந்தவன், விலைகொடுத்துத் திருப்பப்பட்டவன் என்னும் பவுலின் இறையியலை மீட்பு என்னும் சொல் வியக்கத்தக்க அளவு செறிவாகத் தாங்குகிறது. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் ஆகிய இருசாராரிடத்தும் இச்சொல் இன்று பெருவழக்காயிருப்பதற்குத் தனித்தமிழ் உணர்வு மட்டுமே காரணமன்று என்பது என் கருத்து.

ஐக்கியம் என்பது இடர்ப்பாடு மிக்க சொல். கிரேக்க மூலத்தின் கொய்னோனியா, பங்குகொள்ளுதல், பொதுவாக உடைமை கொள்ளுதல் என்னும் பொருள்களைத் தருவது. தமிழிலோ ஐக்கியம் என்றதும் ஒன்றாதல் என்னும் பொருளே முந்தும். வீரசைவர் இலிங்கைக்கியம் என்னுமிடத்து உயிர் இறைவனுள் ஒடுங்குதலையே குறிப்பர். கிறித்தவக் கோட்பாட்டில் உயிர் ஒடுங்குவதில்லை. எவ்வளவு நெருங்கினும் இறைவன் இறைவனாகவும் மனிதன் மனிதனாகவும் நிற்பர். உறவு இருவர்க்கிடையேதான் நிகழும். கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியம் யோவானின் முதல் திருமுகத்தில் நட்புறவு என்னும் சொல்லை ஆண்டிருப்பது இவ்விடரைக் களைகிறது. எனினும் ஐக்கியத்திற்குரிய ஆழம் அதில் குறைந்துவிடுகிறது. கொய்னோனியாவின் இரு பக்கங்களையும் ஒரு தமிழ்ச்சொல் ஏந்தவில்லை. ஒரு தமிழ் இலக்கிய வடிவம் ஏந்திற்று.

குறவஞ்சி என்னும் கொள்கலம்

வேதநாயகம் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாயிருந்த அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து கல்வியளித்தவர் சுவார்ட்சு ஐயர். தரங்கம்பாடியிலும் பயின்று, இளமையிலேயே தஞ்சையில் ஆசிரியப் பொறுப்பேற்றார். சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொருவர், 1798இல் அரியணையேறிய இரண்டாம் சரபோஜி. ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த இவ்விருவருள் ஒருவர் சைவ வழிபாட்டில் நிலைத்த மன்னராகவும், மற்றவர் கிறித்தவப் பாவலராகவும் விளங்கினர். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள சுவார்ட்சு ஆலயத்தில், இறக்கும் தறுவாயிலுள்ள ஆசானைச் சரபோஜி காணும் காட்சியைப் பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்த பளிங்குப் பலகை இன்றும் உள்ளது.

அக்காலத் தஞ்சையில் குறவஞ்சி அரங்கப் புகழ் பெற்றிருந்தது. தலைவன் உலா வருதல், அவனைக் கண்ட தலைவி மையலுறுதல், நிலவையும் தென்றலையும் பழித்தல், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறிசொல்லுதல், பறவை பிடிக்கும் சிங்கன் தன் சிங்கியைத் தேடிக் காணுதல் என்பன அதன் அமைப்பு. சாஸ்திரியார் இவ்வமைப்பை மாற்றவில்லை. பெத்லகேமில் பிறந்த கிறிஸ்து பாட்டுடைத் தலைவர். தேவமோகினி என்னும் தலைவி திருச்சபை. குறத்தி விசுவாசத்தின் உருவகம். கண்ணிவைத்துப் பறவை பிடிக்கும் சிங்கன், ஆன்மாக்களை நற்செய்தி வலையில் சேர்க்கும் போதகர்.

தலைவி–தலைவன் உறவில் இறைக்காதலைப் பாடுதல் ஆண்டாள், மாணிக்கவாசகர் தொட்டுத் தமிழுக்குப் பழகிய நெறி. உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவுக்கும் ஆன்மாவுக்கும் உரியதாகக் கொள்ளும் மரபு பக்தியியத்திலும் உண்டு. இவ்விரு மரபுகளின் சங்கமமாக இந்நூலைக் காண்பது பொருந்தும்; ஆனால் அவ்வளவில் நின்றால் குறத்தியின் இடம் விளங்காது. குறத்தியை விசுவாசமாக அமைத்ததிலேயே நூலின் இறையியற் கூர்மை உள்ளது. குறி என்பது இன்னும் கண்ணுக்குப் புலப்படாததைப் பற்றிய உறுதிமொழி. எபிரேயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விசுவாசத்தை வரையறுப்பதும் காணப்படாதவற்றின் நிச்சயம் என்றுதான். மேலும், தலைவி குறியைச் செவியால் ஏற்கிறாள். அவள் ஆற்றவேண்டிய நோன்போ வேள்வியோ எதுவுமில்லை. மீட்பு செயலால் அன்று, கேட்டு நம்புதலால் வருவது என்னும் லுத்தரின் கோட்பாடு, எந்த விளக்கவுரையும் இன்றி அரங்கிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. குற்றாலக் குறவஞ்சியிலும் தலைவியும் தலைவனும் கூடுவது மேடையில் காட்டப்படுவதில்லை. அது குறியாகச் சொல்லப்படுகிறது. கூடுவோர் சிங்கனும் சிங்கியும். வடிவத்திற்கு இயல்பான இவ்விடைவெளி கிறித்தவப் பொருளுக்கு மிகவும் இயைந்துபோகிறது. மணவாட்டியான சபை ஏற்கெனவே உரியவளாக்கப்பட்டாள். மணநாளோ இன்னும் வரவில்லை. அவள் தலைவனுள் கரைந்துவிடுவதுமில்லை. ஐக்கியம் என்னும் சொல்லால் எழக்கூடிய மயக்கத்தைக் காத்திருக்கும் பெண் என்னும் உருவம் நீக்கிவிடுகிறது.

பெருவுடையார் மீது குறவஞ்சி பாடுமாறு மன்னர் கேட்க, சாஸ்திரியார் மறுத்தார் என்பது தஞ்சைக் கிறித்தவரிடையே வழங்கும் செய்தி. சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடியவர் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர். வடிவத்தை முழுமையாக ஏற்றவர் தலைவனை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்ற அளவில், செய்தி வாய்மொழியாயினும் நூலின் உட்கிடையோடு முரண்படவில்லை.

ஒரே கிண்ணம்

பவுல் ஐக்கியத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும் இடம் திருவிருந்தின் கிண்ணத்தைப் பற்றியது. யோவானின் முதல் நிருபமும் இறைவனோடு கொள்ளும் ஐக்கியத்தையும் ஒருவரோடொருவர் கொள்ளும் ஐக்கியத்தையும் ஒரே மூச்சில் கூறுகிறது. தஞ்சைச் சபைகளிலோ வேளாளரும் பறையரும் ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்தனர்; திருவிருந்திலும் முன்பின் முறை இருந்தது. 1820களில் புதிய மிஷனரிமார் இதனை ஒழிக்க முனைந்தபோது, வேளாளரான சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். சாதிவழக்கத்துக்குச் சார்பாக 1829இல் நூல்களும் எழுதினார். மிஷன் பணியை இழந்த அவருக்குச் சரபோஜியின் அவை ஆதரவளித்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்கவேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினர்.

சாஸ்திரியார் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறவியலாது. தமிழ்ப் பாட்டும் பண்டிகை வழக்கமும் பழைய மொழிபெயர்ப்பும் புதியவர்களால் ஒருசேரத் தாக்கப்படுவதாக அவர் உணர்ந்தார். சாதியையும் அவர் அம்மரபுகளோடு சேர்த்து எண்ணினார். அங்குதான் அவர் இடறினார். தேவமோகினி தனியொருத்தி அல்லள். அவள் சபை முழுவதும். தம் உருவகத்தில் ஓருருவாக வைத்த சபையை ஆலயத்தில் அவர் இரண்டாக இருக்க விட்டார். அவருடைய பாடல்களை இன்று எல்லாச் சாதியினரும் ஒரே ஆலயத்தில் பாடுகின்றனர் என்னும் உண்மை அவருடைய 1829 எழுத்துகளை மறைத்துவிடக் கூடாது.

இச்சிக்கல் சாஸ்திரியாரோடு தொடங்கியதன்று. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவர், தரங்கம்பாடியில் அச்சிட்ட நற்செய்தி நூல்களைத் தாமே படித்து அவற்றால் ஈர்க்கப்பட்டுச் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தவர். சீகன்பால்கு விரும்பிய தனிமனித மனந்திரும்புதலுக்கு இவரினும் சிறந்த சான்று அப்பகுதியில் கிடைப்பது அரிது. 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அருட்பொழிவு பெற்றார். 1741இல் தியோகு அடுத்துப் பெற்றார். இராஜநாயக்கனின் பெயரும் அப்போது எண்ணப்பட்டது. பறையரான அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற மற்றவர் தயங்குவர் என்பதால் அது விடப்பட்டது. தஞ்சைச் சீமையில் உபதேசியாராகவே அவர் இறுதிவரை பணியாற்றினார்.