சேகண்டி சொல்லும் செய்தி



திருமணத் திருப்பலிகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம் எது என்று கேட்டால், பலரும் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தைத்தான் சொல்வார்கள். அன்பைப் பற்றிய அந்த அதிகாரத்தைப் பவுல் ஓர் ஓசையோடு தொடங்குகிறார். எத்தனை மொழிகள் பேசினாலும், வானதூதரின் மொழியையே பேசினாலும், அன்பு இல்லாதவரின் பேச்சு வெண்கலத்தைத் தட்டும் சத்தத்திற்குச் சமம் என்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த இடத்தில் சேகண்டியைக் குறிக்கும் 'காங்' என்ற சொல்லே இருக்கிறது.

இதனால் சேகண்டி என்றாலே வெற்றுச் சத்தம் என்று நினைத்துவிடத் தோன்றும். அப்படியானால், கைத்தாளங்களை ஒலித்து ஆண்டவரைப் புகழச் சொல்லும் 150ஆம் திருப்பாடலை என்ன செய்வது? ஒரே வெண்கலம் ஓரிடத்தில் வெறும் சத்தமாகவும் இன்னோர் இடத்தில் புகழ்ச்சியாகவும் இருப்பது எப்படி? சேகண்டியின் ஒலி எவ்வாறு பிறக்கிறது, அதை எவ்வாறு உருவாக்குகிறார்கள் என்று அறிந்துகொண்டால், பவுலடியாரின் உவமை இன்னும் ஆழமாகப் புரியும்.

கொரிந்து நகரின் வெண்கலம்

பவுல் இந்த உவமையைச் சரியான ஆள்களுக்குத்தான் எழுதினார். கொரிந்து நகரின் வெண்கலம் பழங்காலத்தில் பெரும்புகழ் பெற்றது. கி.மு. 146இல் உரோமைத் தளபதி மும்மியுஸ் அந்நகரை அழித்தார். அங்கிருந்த நாடக அரங்கில், பேசுவோரின் குரலை எதிரொலித்துப் பெருக்குவதற்காக வைக்கப்பட்டிருந்த வெண்கலக் கலங்களை அவர் உரோமைக்கு எடுத்துச் சென்றார் என்று கட்டடக்கலை அறிஞர் விட்ருவியுஸ் எழுதியிருக்கிறார். பவுல் மனத்தில் இருந்தது இத்தகைய கலங்களே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பவுல் முதலில் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'கால்கோஸ்'. இது இசைக்கருவியின் பெயர் அல்ல. செம்பையோ வெண்கலத்தையோ, அதாவது வெறும் உலோகத்தைக் குறிக்கும் சொல். உலோகம் தட்டினால் ஒலிக்கும். ஆனால் ஒலிக்கின்ற உலோகம் எல்லாம் இசைக்கருவி ஆகிவிடுவதில்லை. அதற்கு நீண்ட பயணம் தேவை.

நெருப்பும் நீரும்

சேகண்டிக் கலையின் தாய்வீடுகளில் ஒன்று இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு. 'காங்' என்ற சொல்லே அப்பகுதி மொழிகளிலிருந்துதான் ஆங்கிலத்திற்குச் சென்றது. ஜாவாவில் 'கமெலான்' எனப்படும் இசைக்குழுவின் உயிர் வெண்கலக் கருவிகளே. 2021இல் யுனெஸ்கோ இதை மானிடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

அங்குள்ள கைவினைஞர்கள் செம்பு 10 பங்குக்கு வெள்ளீயம் 3 பங்கு என்ற மரபான அளவில் உருக்கி, தடித்த அப்பம் போல வார்க்கின்றனர். பின்பு அதை உலையில் செந்தணலாகக் காய்ச்சி, நான்கைந்து பேர் சுற்றி நின்று மாறி மாறிச் சுத்தியலால் அடித்து விரிக்கின்றனர். சூடு சற்றே குறைந்தாலும் அடிக்கக் கூடாது, உலோகம் பிளந்துவிடும். எனவே சில அடிகள், மீண்டும் நெருப்பு, மீண்டும் சில அடிகள் என்று வேலை தொடர்கிறது. வடிவம் வந்ததும் கடைசியாக ஒருமுறை காய்ச்சி நீரில் அமிழ்த்துகின்றனர். எஃகை இப்படிச் செய்தால் அது கடினமாகும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ இதற்கு நேர்மாறு. மெதுவாக ஆறவிட்டால் கண்ணாடி போல உடையும். நீரில் தோய்த்தால் அடிதாங்கும் உறுதி பெறும்.

இந்த நுட்பம் நமக்கும் அந்நியமானது அல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்காலக் கலங்களில் இதே வகை வெண்கலம் இருப்பதை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் எடுத்துக்காட்டியுள்ளார்.

ஒரு தட்டு, பல குரல்கள்

சேகண்டியை அடித்தால் ஓர் ஒலி கேட்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் பல ஒலிகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. தட்டின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் மேலும் கீழும் அசைகின்றன. ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787இல் ஓர் எளிய வழியால் இதைக் கண்ணுக்குக் காட்டினார். அதிரும் தகட்டின் மேல் மணலைத் தூவினார். அசையும் இடங்களிலிருந்து மணல் விலகி, அசையாத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தனிக் கோலம் உருவானது.

ஒரு நொடியில் எத்தனை முறை அசைகிறது என்பதே அதிர்வெண். அதை 'ஹெர்ட்ஸ்' என்ற அலகால் அளக்கிறோம். மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஜாவாவின் பெரிய சேகண்டி ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அளவில், காதுக்கு எட்டும் எல்லைக்கு அருகிலேயே முழங்குகிறது. அதை நாம் காதால் கேட்பதோடு நெஞ்சிலும் உணர்கிறோம்.

இந்தக் குரலை உருவாக்குபவை நான்கு. முதலாவது, அளவு. தட்டையான ஒரு தகட்டின் தடிமனை இரு மடங்கு ஆக்கினால் அதிர்வெண்ணும் இரு மடங்காகும். ஆனால் விட்டத்தை இரு மடங்கு ஆக்கினால் அதிர்வெண் நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவேதான் ஆழ்ந்த குரலுக்கு அகன்ற, மெல்லிய தட்டு வேண்டும். இரண்டாவது, மடிக்கப்பட்ட விளிம்பு. அது ஓரத்தை இறுக்கிப் பிடித்து, அங்கே எழும் தேவையற்ற அதிர்வுகளை அடக்குகிறது. மூன்றாவது, நடுவில் புடைத்திருக்கும் குமிழ். குமிழ் உள்ள சேகண்டிக்குத் தெளிவான ஒரு சுரம் கிடைக்கிறது. ஜாவாவின் பெரிய சேகண்டிகளை ஆய்வகத்தில் அளந்தபோது, அவற்றின் வலுவான இரண்டு அதிர்வுகள் கிட்டத்தட்ட 1க்கு 2 என்ற விகிதத்தில், அதாவது கீழ் 'ச'வும் மேல் 'ச'வும் போல அமைந்திருந்தன. குமிழும் ஆழ்ந்த விளிம்பும் இல்லாத சீனப் பெருஞ்சேகண்டியில் இப்படி ஒரு சுரத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது. அது கடல் இரைவது போல ஒலிக்கும்.

நான்காவது, சுத்தியலின் நுண்ணிய அடிகள். சீன இசை நாடகத்தில் பெரிய, சிறிய என இரு சேகண்டிகள் உண்டு. அடித்தவுடன் பெரியதன் சுரம் கீழே இறங்கும். சிறியதன் சுரம் மேலே ஏறும். இரண்டும் அதே வெண்கலம்தான். ஒன்றின் நடுப்பகுதி தட்டையாகவும் மற்றதன் நடுப்பகுதி இலேசாகக் குவிந்தும் அடிக்கப்பட்டிருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

வியட்நாமின் நடு மலைநாட்டு மக்களிடம் இன்னும் அழகான வழக்கம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் சேகண்டிகளை வெளியிலிருந்து வாங்குகின்றனர். ஆனால் வாங்கியதை அப்படியே இசைப்பதில்லை. சுருதி சேர்க்கும் கலைஞர் அதைக் காதருகே தட்டிக் கேட்டு, வட்டவட்டமாக மெல்லிய அடிகள் கொடுத்து, அந்தக் குழுவின் மற்றச் சேகண்டிகளோடு ஒத்துப்போகச் செய்கிறார். அதன் பிறகுதான் அது அந்த ஊரின் சேகண்டி. அங்கே ஒருவருக்கு ஒரு சேகண்டி. ஒரு சேகண்டிக்கு ஒரு சுரம். அனைவரும் சேர்ந்தால்தான் பாடல்.

விம்மலும் அழகே

ஜாவாவின் பெரிய சேகண்டியை அடித்ததும் அதன் ஒலி அலை அலையாக எழுந்து தாழும். இதை அம்மக்கள் 'ஓம்பாக்', அதாவது அலை, என்கின்றனர். நம் பள்ளி இயற்பியல் நூல்கள் இதை 'விம்மல்' என்று குறிப்பிடும். மிக நெருங்கிய இரு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் வேறுபாட்டுக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும். 60 ஹெர்ட்ஸும் 58 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு விம்மல்கள்.

கணக்குப் பார்த்தால் இது முழுமையான ஒற்றுமை அல்ல. கைவினைஞரோ இந்தச் சிறு வேறுபாட்டை நீக்குவதில்லை, அளவோடு பேணுகிறார். அலையில்லாத சேகண்டி அவர்களுக்கு உயிரில்லாத சேகண்டி. குடும்பத்திலும் பங்கிலும் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஓங்கி அடித்தால் என்ன ஆகும்?

நல்ல சேகண்டியையும் தவறாக அடித்தால் அது கத்தும். மென்மையான துணி சுற்றிய கனமான கோலால் குமிழில் இதமாக அடித்தால் ஆழ்ந்த ஒலி எழும். கடினமான கோலால் ஓரத்தில் அடித்தால் கீச்சொலிகள் முந்திக்கொள்ளும். குறிப்பாகப் பெருஞ்சேகண்டியை ஓங்கி அடிக்கும்போது, தாழ்ந்த அதிர்வுகளில் இருந்த ஆற்றல் சற்று நேரத்தில் உயர்ந்த அதிர்வுகளுக்குப் பாய்ந்து, எண்ணற்ற ஒலிகளாகச் சிதறிவிடுகிறது. வலிமை கூடக்கூட இரைச்சல் கூடுகிறது. அனுபவமுள்ள கலைஞர்கள் முதலில் காதுக்கே கேட்காதபடி மெல்லத் தட்டித் தட்டை விழிப்பூட்டிய பிறகே உரிய அடியைக் கொடுக்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண் கொண்ட சேகண்டி ஒலி நோயைத் தீர்க்கும் என்ற விளம்பரங்கள் இன்று அதிகம் வருகின்றன. நாம் பார்த்தபடி, எந்தச் சேகண்டியும் ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. இனிய ஒலி மனத்தை இளைப்பாற்றும், அதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்துவதும், இறைவனிடம் வைக்க வேண்டிய நம்பிக்கையை ஓர் எண்ணின் மேல் வைப்பதும் ஆபத்தானவை.

திருச்சபையில் சேகண்டி

1903இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ், ஆலயத்தில் பியானோவையும், மேளம், தாளம், மணி போன்ற இரைச்சலான கருவிகளையும் பயன்படுத்தத் தடை விதித்தார். நாடக மேடையின் ஆரவாரம் பலிபீடம்வரை வந்துவிடக் கூடாது என்பதே அவரது கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆயினும் ஜாவாவில் ஒருவர் அரச விழாவிலும் ஊர்த் திருநாளிலும் உள்ளம் ஒடுங்கிக் கேட்கும் குரல் சேகண்டியின் குரல்தான். அவருடைய மன்றாட்டுக்கு அந்தக் குரல் கூடாது என்றால், அவருடைய மண்ணின் ஒரு பகுதியை ஆலய வாசலிலேயே விட்டுவரச் சொன்னதாக ஆகாதா?

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய ஏட்டின் 119, 120 எண்களில் இதற்கு விடை தந்தது. மக்களின் சொந்த இசை மரபை மதிக்க வேண்டும்; திருவழிபாட்டுக்குப் பொருந்துகின்ற, ஆலயத்தின் மாண்புக்கு ஏற்ற, நம்பிக்கையாளரை உண்மையாகவே வளர்க்கின்ற கருவிகளை, உரிய அதிகாரியின் இசைவுடன் ஏற்கலாம் என்றது. கருவி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைவிட, அது மன்றாடத் துணை செய்கிறதா என்பதே முக்கியம் ஆயிற்று.

ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே கஞ்சுரான் என்ற ஊரில் 1924இல் எழுந்த திரு இருதய ஆலயம் இதற்குச் சான்று. 2006 மே 27 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது இடிந்தது. மக்கள் அதை ஜாவானியப் பாணியிலேயே மீண்டும் எழுப்பினர். அங்கே கமெலான் இசையோடு திருப்பலி நடைபெறுகிறது. வியட்நாமின் கோன் தும் பகுதியிலும் மலைவாழ் கத்தோலிக்கர் பெருவிழாக்களில் சேகண்டி இசையோடு ஆண்டவரைப் புகழ்கின்றனர்.

நம் சிந்தனைக்கு

அன்பானவர்களே, பவுல் குறைசொல்வது வெண்கலத்தை அல்ல. நெருப்பையும் நீரையும் சுத்தியலையும் ஏற்காத, பிறரோடு சுருதி சேராத வெண்கலம் சத்தம் மட்டுமே போடும். பொறுத்துப்போவதும், தன்னலம் நாடாததும், எரிச்சலை அடக்குவதும் அன்பின் இயல்புகள் என்று அதே அதிகாரத்தில் அவர் அடுக்குகிறார். அவை ஒவ்வொன்றும் நம்மைச் சுருதி சேர்க்கும் சிறு சிறு அடிகள் அல்லவா?

நம் ஆலயங்களில் ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டினால் பக்தி கூடும் என்று நினைக்கிறோமா? வீட்டில் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று நம்புகிறோமா? அன்பியக் கூட்டத்தில் என் சுரம் மட்டும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேனா? மற்றவரைத் தட்டும் என் கையிலுள்ள கோல் கடினமானதா, மென்மையானதா?

வலிமையான அடி இரைச்சலையே எழுப்பும். இதமான அடியே ஆழத்தைத் தொடும். நம்மைப் பொறுமையோடு உருவாக்கும் கைவினைஞராம் இறைவன், அன்பால் சுருதி சேர்ந்த மக்களாக நம்மை ஆக்குவாராக.